வேகவைத்த பயறு

மிதுலாவைக் கூட்டிவரப் போனபோது பார்த்தேன். வகுப்பு ஜன்னலோரம் எல்லாத் தொட்டிகளிலும் பயறு முளைத்திருந்தது, என் மகளுடையதில் மட்டும் வெறும் மண். அந்தத் தொட்டிக்கு அவள் சிட்டு என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் அதை வெயில் பக்கம் திருப்பிவைத்துப் பாட்டுப் பாடுவாளாம். ஜெசிந்தா மிஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "ஒரு தொட்டியில மட்டும் வேகவச்ச பயறு போட்டோம் சார். ஏன் முளைக்கலன்னு அவளே கண்டுபிடிக்கணும். நாங்க பதில் சொல்றதில்ல, நீங்களும் சொல்லிடாதீங்க. கேட்டா, ‘நீ என்ன நினைக்கிற?’ன்னு திருப்பிக் கேளுங்க" என்றார். இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்றார், பழக்கதோஷத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனப்பாடப் படிப்பே வேண்டாம் என்று இந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்தவன் நான்தான். சனி, ஞாயிறு விடுமுறைக்குத் தொட்டியும் வீட்டுக்கு வந்தது. ஸ்கூட்டரில் என் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் அதை அணைத்துப் பிடித்திருந்தாள். சிக்னலில் நின்றபோது, "எல்லாருக்கும் வந்துடுச்சு. சிட்டு மட்டும் ஏன்பா வரல?" என்றாள். தொண்டைவரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "நீ என்ன நினைக்கிற?" என்றேன். அவள் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள், அதைத்தானே அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் சொன்னாள்.

"அதுக்கு என்னப் பிடிக்கலப்பா."