குவளையின் அடிச்சுழி

வந்ததிலிருந்து அந்த அம்மாள் ஒரு குவளையைக்கூட நேராகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் பார்த்தாள்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது.

எங்கள் சியாங்மாய் மண்பாண்டக் கேலரிக்கு வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், விலை கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அடியைத் தடவுகிறவர்கள் காப்பியடிக்க வந்தவர்கள்தான்.

எங்கள் குயவன் தானின் வனைந்த, இலை பொறித்த குவளையை லம்பாங் பக்கத்துக் கம்பெனி ஒன்று அச்செடுத்துச் சந்தையில் குவித்துவிட்டது. அடியிலிருந்த சுழியைக்கூட விடவில்லை, சோம்பேறிகள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அவன் சூளையை மூட வேண்டியதுதான். அம்மா செத்துவிட்டாள், வேறு நாதியில்லை என்று என்னிடம் வந்து சேர்ந்தவன். விட்டுவிடுவேனா?

துடைக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

மற்றவர்களின் கிண்ணங்களைச் சட்டென்று வைத்துவிட்டவள், தானினின் அலமாரியில் நின்றுவிட்டாள். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுக்கும்போது அடியில் விழும் சுழியின் மேல் விரலை ஓட்டினாள். அடுத்ததிலும் ஓட்டினாள். பிறகு பைக்குள் கைவிட்டாள்.

போட்டோ எடுக்கத்தான் என்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்டேன்.

லம்பாங் என்றாள். மாட்டினாள் கள்ளி என்று நினைத்தேன்.

பையிலிருந்து வந்தது ஒரு பழைய சோற்றுக் கிண்ணம். அதைக் கவிழ்த்துக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எல்லார் சுழியும் ஒரு பக்கமாக ஓடும். தானின் இடக்கைக்காரன், சக்கரத்தை மாற்றிச் சுற்றுவான். அவனுடையது எதிர்ப்பக்கம் ஓடும்.

கிண்ணத்திலும் எதிர்ப்பக்கம்தான் ஓடியது.

"எம் மவன் செஞ்சது. வெள்ளத்துல போயிட்டான், உடம்புகூடக் கெடைக்கல. வருஷா வருஷம் பிக்குங்களுக்குச் சோறு போட்டு அவன் பேர்ல தண்ணி வார்த்துக்கிட்டிருக்கேன். போன மாசம் சந்தையில ஒரு குவளையக் கவுத்துப் பாத்தேன்."

அசல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து பஸ் ஏறியிருக்கிறாள். இது அவன் போவதற்கு முன்னால் செய்ததாகத்தான் இருக்கும், இல்லையா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அம்மா செத்துவிட்டாள் என்று அவன் சொன்னபோது தலை குனிந்திருந்தது நினைவுக்கு வந்தது. பாவி.

போன வாரம்தான் சூளையிலிருந்து எடுத்தோம் என்றேன்.

அவள் கிண்ணத்தை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"வேளாவேளைக்குச் சாப்புடுறானா?" என்றாள்.