தெரியுதுங்கப்பா

குளக்கரையில் டங் டங்கென்று சத்தம் கேட்டதும் காவலாளி மூக்கையா குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு வம்பு.

பறவை பார்க்கிற மேடையில் ஐம்பது வயது ஆள் ஒருவர் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி காலியாக நின்றது.

"யோவ்! மாற்றுத்திறனாளிகளுக்குன்னு புதுசாக் கட்டி வச்சிருக்கு. அதைப் போயி உடைக்கிறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிமெண்டுப் பூச்சுக்கு அடியில் செங்கல் எங்கே சேர்கிறது என்று தேடவும் இல்லை. உளியை வைத்தார், நாலே தட்டில் மேல்வரிசைக் கல் ஒன்று முழுசாகக் கழன்று வந்தது.

மூக்கையா சுத்தியலைப் பிடுங்கினார். "போலீசுக்குப் போன் போடவா?"

"போடுங்கண்ணா. எம்பேரு வேல்குமாருங்க, நல்லூருதானுங்க. மேல ரெண்டு வரிசைய மட்டும் எடுத்துட்டு நானே வந்தர்றனுங்க."

சண்டைக்கு வந்தவரின் குரலாக அது இல்லை. மூக்கையா கொஞ்சம் இறங்கினார். "எதுக்குய்யா இந்த வேலை?"

"எம்புள்ள ஜெயசுதாவுக்கு நடக்க வராதுங்க. வாரம் பூராம் ஊட்டுல உக்காந்து பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டுவா. ஞாயித்துக்கெழமையானா சாய்தளத்துல தள்ளிட்டு வந்து இங்க நிறுத்துவனுங்க. 'அதா பாரு கண்ணு, கூழைக்கடா'ன்னு கை காட்டுவனுங்க. 'தெரியுதுங்கப்பா, எவ்ளோ பெருசு'ன்னு சிரிப்பா."

"பொறகென்ன?"

"நேத்து சாயந்தரம் அந்த நாற்காலியில நான் உக்காந்து பாத்தனுங்க. செவுருதானுங்க தெரிஞ்சுது."

மூக்கையா நம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணுக்கு நேரே சிமெண்டு. அந்தப் பக்கம் பறவைக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, தண்ணீர்கூடத் தெரியவில்லை.

அவர் எழுந்துகொண்டார். "புள்ளையக் கூட்டிட்டு வாய்யா. நானும் ஒரு கை பிடிக்கிறேன், தூக்கிக் காட்டுவோம்."

"இல்லீங்கண்ணா. போன மாசம் நெஞ்சுச்சளி கட்டிப் போய்ச் சேந்துட்டா. வேற யாராச்சும் உக்காரட்டும்னு நாற்காலிய இங்க குடுக்க வந்தப்பத்தான்..." வேல்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூக்கையாவுக்கும் கண் கலங்கிவிட்டது. யாரையாவது திட்டித் தீர்த்தால் தேவலை என்றிருந்தது. "எந்தக் கூறுகெட்ட பயய்யா இந்தச் சுவத்தக் கட்டுனான்? உக்காந்து வர்றவுகளுக்கு மறைக்குமேன்னு ஒரு நிமிசம் யோசிச்சானா?"

வேல்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, மறைக்குதுப்பான்னு அந்தப் புள்ளையாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? எதுக்கு அத்தனை வாரமும் தெரியுது தெரியுதுன்னு பொய் சொல்லுச்சு?"

கழன்ற செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு வேல்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுனவன் நாந்தானுங்க."