காலிப் பையின் அளவு

மேல் பை சாயத் தொடங்கியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சரக்கு மூட்டைகளைத் தாங்கும் மரத்தட்டான பேலட்டை வடிவமைக்கிறவள் பேலட் கவிழ்வதைப் பார்த்துச் சந்தோஷப்படலாமா? படலாம். கவிழ்ந்துகொண்டிருந்தது அவள் செய்தது அல்ல, பழையது.

ஆள் உயர ஜம்போ பை. உள்ளே ஒரு டன் சுண்ணாம்புப் பொடி. காலியாக இருக்கும்போது அதன் அடிப்பாகம் சதுரமாக, பரம சாதுவாக இருக்கும். பொடியைக் கொட்டினால் நாலு பக்கமும் வயிறு தள்ளிவிடும். பழைய பேலட்டுக்கு அளவு எடுத்த புண்ணியவான் காலிப் பையைத் தரையில் விரித்து அளந்திருக்கிறான். பெல்ட்டுக்கு மேல் தொப்பை வழிவது போலப் பை பலகைக்கு வெளியே வழிந்தது.

போதாததற்கு அடியில் மூன்றே மூன்று ஒல்லிச் சட்டங்கள். ஒரு பைக்கு மேல் இன்னொரு பையைப் பேலட்டோடு ஏற்றினால் அந்தச் சட்டங்கள் கீழ்ப் பைக்குள் மெல்லப் புதையும். எந்தப் பக்கம் அதிகம் புதைகிறதோ அந்தப் பக்கம் சாயும்.

அப்படிச் சாய்ந்துதான் போன வருடம் ஒரு லோடுமேனின் கால் போனது. பழி, பையை ஏற்றி வைத்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் தலையில் விடிந்தது.

அந்த டிரைவர் அவளுடைய அண்ணன்.

நேராகத்தான் வைத்தேன் என்று விசாரணையில் சொன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான், குரலை உயர்த்தியும் சொன்னான். வேலை போனது. அப்புறம் எந்தக் கிடங்கும் அவனைச் சேர்க்கவில்லை. கால் போனவரின் மனைவி தெருவில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேலை போனதைவிட அதுதான் அவனை அரித்தது.

மேலிடம் நெருக்கியதால், புதிய பேலட் வேண்டும் என்று அதே கிடங்கு அவள் வேலை பார்க்கும் பட்டறையைத் தேடி வந்தது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். பழையது கவிழ்ந்தால் போதும், அண்ணன் தலை நிமிர்ந்துவிடுவான்.

மேனேஜர் சரி என்றார். அவள் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது.

"பழசுல ஒரு குறையும் இல்லம்மா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அதான் அந்த டிரைவர் கதை."

பழைய பேலட்டுக்கு இந்த அளவு போதும் என்று தலையாட்டியவரே அவர்தான். அவளும் கூடவே சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது?

இன்று வண்டி ஓட்டியவர் அண்ணனோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். நரைத்த மீசை, நிதானமான கை. மேல் பேலட்டை மயிரிழை பிசகாமல் இறக்கினார். அவள் நாலு பக்கமும் சுற்றி வந்தாள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது அந்தக் கிடங்கின் வழக்கம். படம் எதற்கு, மேனேஜர்தான் கண்ணெதிரே பார்க்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். பை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். ஒரு டன்னும் தரையில் வந்து விழுந்தது.

வெள்ளைப் புழுதி அடங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, கோணலா வச்சிட்டியா?"

டிரைவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"ஆமா சார். கொஞ்சம் கோணலாயிருச்சு."

அவள் கத்தினாள். நேராகத்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றாள். வைத்தவரே ஒத்துக்கொள்ளும்போது உங்களுக்கு என்னம்மா என்றார் மேனேஜர். டிரைவரின் தோளில் தட்டிக்கொடுத்தார். தப்பை ஒத்துக்கொள்கிறவன்தான் மனுஷன், இனிமேல் பார்த்து நடந்துகொள் என்றார். பிறகு பக்கத்தில், அவளுடைய பேலட்டின் மேல் ஆடாமல் அசையாமல் நின்ற பைகளை அண்ணாந்து பார்த்தார்.

"பிரமாதம்மா. கோணலா வைக்கிறவனுக்கும் தாங்கும்போல இருக்கே!"

அவள் ஜெயித்துவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலில் கைபேசியை வாங்கும்போது டிரைவர் பின்னாலேயே வந்து நின்றார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

"நேராத்தானே அண்ணே இருந்துச்சு?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "நேராத்தாம்மா இருந்துச்சு. நேத்து உங்க அண்ணனைப் பாக்கப் போயிருந்தேன். விழுந்தா உன்னைத்தான் கேப்பாங்க, நேரா வச்சேன்னு மட்டும் சொல்லிராதேன்னாரு. நான் சொல்லிக் கெட்டது போதும், நீ கோணல்னு ஒத்துக்கிட்டுப் பொழைச்சுக்கோன்னாரு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை.

காலையில் அவள் கிளம்பும்போது அண்ணன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்லபடியாக முடியும், போய்விட்டு வா என்று மட்டும் சொன்னான்.

ஒரு வருடமாக அவனுக்காக ஊரோடெல்லாம் சண்டை போட்டவளுக்கு, முதல் முறையாக அவன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் தேடிக்கொண்டே நடந்தாள். வீடு வரும்வரை கிடைக்கவில்லை.