பாடினால்தான் சுண்டல்

பம்பாய் மாட்டுங்காவில் அம்மிணி வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வரும் சிறுமிகளுக்குப் பாடினால்தான் சுண்டல். நாத்தனார் அகிலாண்டம் எந்தப் பாட்டையும் உட்கார்ந்து கேட்கமாட்டாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து மலைக்காடு வழியே நடந்து வந்தவள். மகள் செல்லத்தை வழியில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டாள்.

"கொழந்தை மொகமே மறந்துபோச்சு மன்னி. அவளை நடக்க வைக்க நான் கட்டின பாட்டு ஞாபகம் வந்தா, மொகமும் வந்துடும்" என்பாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிறுமி தனியாக வந்தாள்.

"எந்த பில்டிங்டி நீ? காலெல்லாம் என்ன இத்தனை சேறு?" என்றாள் அம்மிணி.

"நடந்து வந்தேன் மாமி."

"சரி, பாடு. பாடாட்டா சுண்டல் கெடையாது, ஆமாம்!"

சிறுமி பாடினாள். 'ஒரு மலை ஏறியாச்சு, ஒரு மலை பாக்கி, ஓடி வா கண்ணே.'

அகிலாண்டத்தின் நடை நின்றது. உதடுகள் கூடவே அசைந்தன.

"இதுதான் மன்னி! இவ்வளவுதான் கட்டினேன். அதுக்குள்ளே அவ கண்ணை மூடிட்டா."

சிறுமி நிறுத்தவில்லை. அதே மெட்டில் மலை இறங்கினாள், ஆறு தாண்டினாள். பாட்டில் கல்கத்தா வந்தது, நாகபுரி வந்தது, கல்யாண், குர்லா வந்தன. கடைசியில் இந்த வீட்டு மாடிப்படி வந்தது. அங்கே பாட்டு நின்றது.

அம்மிணி சுண்டலை நீட்டினாள்.

"இன்னும் முடியலை மாமி" என்று சிறுமி அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினாள். அகிலாண்டத்துக்கு அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

"மேலே எப்படிம்மா பாடணும்?" என்று கேட்டாள் சிறுமி.