செவ்வந்தியை மறக்காத கல்லூரி

செவ்வந்தி ஆடு பிறந்து வளர்ந்ததெல்லாம் ஒரு கல்லூரி வளாகத்தில்தான். அதை விட்டுப் போய் ஆறு வருஷம் கழித்துப் புருஷன் கிடாவை அங்கே கூட்டிவந்தது. "என்னைத் தெரியாதவங்களே இங்க கிடையாதுங்க" என்று வழியெல்லாம் ஒரே பெருமை.

வாசலிலேயே காவல் நாய் மறித்தது. "யாரும்மா நீ?"

கிடா தாடியை ஆட்டிச் சிரித்தது. "நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க!"

செவ்வந்திக்கு மானமே போயிற்று. 'முருகா, ஒருத்தராவது என்னை ஞாபகம் வச்சிருக்கணுமே' என்று வேண்டிக்கொண்டே, கவலையில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்து மென்றது.

நாய் பதறிப்போனது. "அடிப்பாவி, நீயா! மூணாம் வருஷத்து விடைத்தாளை ஒண்ணு விடாம தின்னவளாச்சே! பிள்ளைங்க அத்தனை பேரும் மறுபடி பரீட்சை எழுதினாங்களே! இன்னைக்கும் உன்னைத் திட்டாத வாத்தியார் இல்லை!"

செவ்வந்திக்கு உச்சி குளிர்ந்துபோனது. "கேட்டீங்களா? ஒருத்தரும் மறக்கலை!" என்றபடி, நாய் துரத்தத் துரத்தத் துள்ளிக்கொண்டு ஓடியது.