புடவைக்கு வரி

"இருக்கறதிலேயே பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்களே, நாலு பேர் பார்க்க மாட்டாங்களா?" பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்சவேணி முணுமுணுத்தாள்.

"பார்க்கட்டும்னுதான் போட்டேன்" என்றார் அவள் கணவர் ஜோதிலிங்கம். "பார்க்கப் பாவமா இருந்தாத்தான் கஸ்டம்ஸ்காரன் வரியைக் குறைப்பான்."

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அம்சவேணியின் தம்பி ரத்தினவேல், அக்காவுக்கு ஜப்பான் புடவை ஒன்று அனுப்பியிருந்தான். பார்சல் டில்லிக்கு வந்து, வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டது. நேரில் வந்து வரி கட்டி எடுத்துப் போகும்படி அட்டை வந்ததிலிருந்து ஜோதிலிங்கம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அம்சவேணிக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கிட்வாய் நகரில் அவர்கள் குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்.

ஆசிய விளையாட்டுக்காக ரோடெல்லாம் தோண்டிக் கிடந்தது. புழுதியில் நடந்தபடி ஜோதிலிங்கம் மறுபடியும் ஆரம்பித்தார். "அவன் விசாவுக்கு உன் வளையலைக் கழட்டிக் குடுத்தே. ரெண்டு வருஷமா ஒரு மணியார்டர் உண்டா? இப்ப ஒரு புடவை அனுப்பறான். அதுக்கும் நான்தான் அழணுமா?"

"அக்காவை மறக்கலை பாருங்க. எனக்கு அது போதும்" என்றாள் அம்சவேணி, கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே.

அலுவலகத்தில் ஒரே கூட்டம். அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஜோதிலிங்கம் வரிசையில் போய் நின்றார். கவுண்ட்டரில் இருந்த அதிகாரியின் பெயர்ப் பலகையில் சேஷன் என்று இருந்தது. ஜோதிலிங்கத்துக்குப் பாதி உயிர் வந்தது.

"ஜோதிலிங்கமா? பேரைப் பார்த்ததுமே நம்மூர்க்காரர்னு தெரிஞ்சுடுத்து" என்றார் சேஷன்.

"சாதாரண கிளார்க் சார் நான். பார்சல்ல ஜப்பான் புடவைன்னு எழுதியிருப்பான் என் மச்சான். அதை நம்பிடாதீங்க. மட்டமான சரக்காத்தான் இருக்கும். அவனுக்கு நல்லதா பார்த்து வாங்கவே தெரியாது. கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்."

பியூன் கயிற்றை அறுத்துப் பார்சலைப் பிரித்தான். மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று வழுக்கி விழுந்தது புடவை. சேஷன் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்மடிப்பைப் புரட்டினார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நீங்க சொன்னது வாஸ்தவம்தான். இதைப் பாருங்கோ" என்றார் குரலைத் தாழ்த்தி.

மடிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. சூரத்தில் ஏதோ ஒரு மில்லின் பெயர்.

"அசல் இந்தியப் புடவை சார். கடல் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. ஜப்பான்னு சொல்லி உங்க மச்சான் தலையில எவனோ கட்டிட்டான். இதுக்குப் போய் வரி எதுக்கு? பேசாம எடுத்துண்டு போங்கோ."

ஜோதிலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரியும் மிச்சம், இனி வருஷம் முழுக்க மச்சானைக் கிண்டல் பண்ணவும் விஷயம் கிடைத்துவிட்டது. இப்போதே கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

அம்சவேணி பக்கத்திலிருந்த பஞ்சாபிப் பெண்ணிடம், தம்பி அனுப்பிய புடவையைப் பற்றித் தனக்குத் தெரிந்த இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். "மேரா சோட்டா பாயி பேஜா. ஜப்பான் ஸாடி."

"அச்சா!" என்று அந்தப் பெண் கண்களை விரித்தாள். அப்படியென்றால் வரி நிறைய ஆகுமே என்று கேட்டாள்.

"பஹுத்!" என்று, ரொம்பவே ஆகும் என்பதுபோல் கையை விரித்தாள் அம்சவேணி. கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை ஜோதிலிங்கம் பார்த்ததில்லை.

அவர் மெதுவாகத் திரும்பினார். அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிப் பிய்த்து, கசக்கி, கைக்குள் மூடிக்கொண்டார்.

"அதான் வரி இல்லேன்னுட்டேனே. இன்னும் என்ன சார்?" என்றார் சேஷன்.

ஜோதிலிங்கம் கவுண்ட்டருக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"தயவு பண்ணி ஒரு இருபது ரூபாயாவது வரி போடுங்க சார்!"