கிழக்குப் பக்கம் பாக்கி

ராக்கம்மாளுக்கு நோய் என்று ஒன்றும் இல்லை. அருப்புக்கோட்டை டாக்டர் அப்படிச் சொன்னபோது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. புருஷன் ராமசுப்பு போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பேத்திகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று தினமும் அவரிடம் முறையிட்டுக்கொண்டேதான் பருத்தி எடுப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசியில், ஒரு மத்தியானம் ராமசுப்பு வரப்பில் வந்து நின்றார்.

"கெளம்பு, போவோம்."

அவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே கருத்திருந்தது. காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது.

"இப்பப் போயா வாரீக? மழையில நனைஞ்சா அம்புட்டும் வீணாப் போகுமே."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பக்கத்து நிரையில் குனிந்தார்.

பொழுது சாய அவள் தலைச்சுமையோடு வீடு வந்தாள். மகன் மாரிச்சாமி இறக்கிவைக்கத் திணறினான்.

"ஏம்மா, இம்புட்டுப் பொதிய யாரு தூக்கிவிட்டா?"

"உங்கய்யாதான். கெழக்குப் பக்கம் பாக்கி கெடக்கு. முடிச்சிட்டுப் போவலாம்னாக."

அவன் சிரித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவின் சுமையை வாங்க எதிரே போனவன், வண்டிப்பாதையில் இரண்டு பேர் பொதி சுமந்து பேசிக்கொண்டே வருவதைக் கண்டான். ஓரமாக ஒதுங்கி வழி விட்டான்.